துரை விட்டுப்போன பைப்

கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பிய வாரம், பங்களா வராந்தாவில் அவருடைய சாமான்களைப் பரப்பிவைத்து விற்றார்கள். தோட்டமே முண்டியடித்துக்கொண்டு போனது. மேல் லைனில் கங்காணி வேலை பார்த்த மண்டோர் ஒருவர் பீங்கான் குளியல் தொட்டியை ஆள் வைத்துத் தூக்கிவந்து அதில் அரிசி கொட்டி வைத்தார். லோரி டிரைவர் கோல்ஃப் மட்டைகளை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தக்காளிச் செடிகளுக்குக் கொம்பாக நட்டார். இன்னொருவர் குதிரைச் சேணம் வாங்கினார். குதிரை மட்டும் கடைசிவரை வரவில்லை. இவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நான் ஒரு கம்பளித் தொப்பியும், முழங்காலுக்குக் கீழே தொங்கும் மழைக்கோட்டும், ஒரு பூதக்கண்ணாடியும், புகை பிடிக்கிற பைப் ஒன்றும் வாங்கிவந்தேன். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது தோட்ட ஆபீசில் டைப்பிஸ்ட். தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து போய் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் என்பதால் பாதிப் பேருக்குப் பெருமை, மீதிப் பேருக்கு வயிற்றெரிச்சல். எனக்கு அந்த வேலையில் கிடைத்த பெரிய சுகம், மாதாமாதம் துப்பறியும் நாவல் வாங்கக் கையில் காசு இருந்ததுதான். தானா ராத்தா டவுனில் இருந்த பத்திரிகைக் கடைக்கு அந்த நாவல்கள் மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும். அங்கே கொலை நடந்து, கொலைகாரன் பிடிபட்டு, அடுத்த கொலையும் முடிந்த பிறகுதான் எங்கள் மலைக்கு முதல் பிணம் வந்து சேரும். அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. ஆறின பிணமும் எனக்குச் சம்மதம்.

படிப்பதோடு நின்றிருந்தால் தேவலை. நான் சேர்க்கத் தொடங்கினேன். அட்டைப்படங்கள், துப்பறியும் சினிமாக்களின் நோட்டீஸ், நாவலோடு இலவசமாக வந்த காலண்டர், கூப்பன் வெட்டி அனுப்பினால் வரும் தகர பேட்ஜ், பார்த்தால் நிஜம் போலவே இருக்கும் ஒரு தீபாவளித் துப்பாக்கி. எனக்குப் பிடித்த எழுத்தாளருக்குக் கடிதம் எழுதி, மீசையை முறுக்கியபடி அவர் நிற்கும் படத்தை, ‘அன்புடன்’ என்று கையெழுத்துப் போட்டு வரவழைத்தேன். ஈப்போவில் என்னைப் போலவே ஒருவர் இருந்தார். வேறொரு எழுத்தாளர் எழுதும்போது கடித்த பேனா மூடி தன்னிடம் இருப்பதாகக் கடிதத்தில் பீற்றிக்கொண்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பல் தடத்தை வைத்து அது அவர் பல்தான் என்று நிரூபிக்க முடியுமா என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதமே இல்லை. பைத்தியங்களுக்குள்ளும் ஒரு போட்டி உண்டு.

துரையின் சாமான்களில் எனக்குக் கிடைத்ததெல்லாம் இங்கிலீஷ் துப்பறிவாளர்கள் படங்களில் வைத்திருக்கும் அதே தினுசு. பனிமூட்டம், தொப்பி, பைப். பனிமூட்டம் எங்களுக்கு இலவசமாகவே இருந்தது. அதுதான் வம்பும். கேமரன் மலை ஈரத்தில் எதை வைத்தாலும் பூஞ்சை பூத்துவிடும். புத்தகங்களையும் கோட்டையும் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், கொழுந்தை வாட்டச் சூடான காற்று விடுவார்களே, அங்கே கொண்டுபோய்க் காயவைப்பேன். என் கொலைகளில் எல்லாம் தேயிலை வாசம் அடித்தது. ஒருநாள் காலை கோட்டையும் தொப்பியையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். கொழுந்து பரப்ப வந்தவர்கள் பனிப்புகைக்குள் அதைப் பார்த்து, துரை திரும்பி வந்துவிட்டார் என்று மதியம்வரை நிமிராமல் வேலை செய்தார்களாம். ஆளே இல்லாத கோட்டுக்கு இருந்த மரியாதை உள்ளே மனுஷி இருக்கும் என் கோட்டுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மலையில் மண்டோர், தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர். நெற்றியில் திருநீறு காய்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் நாள் முழுக்க ரொக்கோக் தாவுன் ஊதியவர் அவர். மலாய்க்காரக் கடைகளில் புகையிலையையும் சுருட்டும் ஓலையையும் தனித்தனியாக விற்பார்களே, அதுதான். ஈப்போவில் காவடி எடுத்த ஒரு தைப்பூசத்தில், இனிமேல் புகையிலையைத் தொடுவதில்லை என்று சாமிமேல் சத்தியம் செய்தார். விட்டதோடு சும்மா இருந்தாரா? புதிதாக விட்டவர்களுக்கு இருக்கிற வாய் யாருக்கும் கிடையாது. கோயில் மைக்கில் வாரா வாரம் புகையிலையின் கேட்டைப் பற்றிப் பேசினார். கடைசியில், புகை பிடிக்கிற ஆணோ பெண்ணோ திருவிழாவில் கரகம், காவடி, முளைப்பாரி எதையும் தொடக்கூடாது என்று கமிட்டியில் ஒரு விதியே கொண்டுவந்துவிட்டார்.

அம்மாவுக்கு அந்த விதியால் ஒன்றும் இல்லை. கொழுந்து எடுக்கும் அம்மா வாயில் வெற்றிலை தவிர வேறு போட்டதில்லை. அவளுடைய முளைப்பாரிதான் வருஷா வருஷம் ஊர்வலத்தில் முதலில் போகும். மலைக் குளிரில் பயறு லேசில் முளைக்காது. சட்டியை அடுப்போரம் வைத்து, துணியைப் போர்த்தி, கைக்குழந்தையைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொள்வாள். மற்றவர்கள் சட்டியில் முளை விரல் நீளம் நிற்கும்போது அவள் சட்டியில் முழ நீளம் நிற்கும். அம்மாவுக்கென்று தோட்டத்தில் இருந்த ஒரே பெருமை அது.

துரை போய் ஒரு வருஷம் இருக்கும். என்னைப் பெண் பார்க்க ரிங்லெட்டிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அப்பாவின் அக்கா என்று மூன்று பேர். மாப்பிள்ளை திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர். எனக்கு அவர்மேல் ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. வேடிக்கை பார்க்க லைன் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அதில் பெரிய கிராணியின் மனைவியும் இருந்தார். பெரிய கிராணி என்றால் எங்கள் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா. புதிதாக வந்த மேனேஜருக்கு ஆபீசில் பெண் பிள்ளை இருப்பது பிடிக்கவில்லை, உன் பேரில் ஒரு பேச்சு வந்தால் போதும், அனுப்பிவிடுவார் என்று கிராணி என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். அந்தம்மா வாசலில் கேட்டது மறுநாள் காலை ஆபீசில் டீயோடு சேர்ந்து மேஜைக்கு வரும்.

மாப்பிள்ளையின் அத்தை என்னை உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெண்ணின் கூந்தல் சொந்தக் கூந்தலா, சவுரியா என்று இழுத்துப் பார்ப்பது வழக்கம். என் தலைமுடி பாஸாகிவிட்டது. ஆனால் இழுத்த வேகத்தில் அந்தம்மா பின்னால் சாய்ந்து, கட்டிலுக்கு அடியில் கால் இடிக்க, அங்கே இருந்த என் தகரப் பெட்டி சத்தம் போட்டது.

“இதுல என்னாம்மா?”

“புத்தகம் அத்தை.”

புத்தகம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியைக் கூடத்துக்கே இழுத்துக்கொண்டு போய், பாயில் ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினார். முதலில் நாவல்கள். அட்டையில் ரத்தமும் கத்தியுமாக இருந்ததைப் பார்த்து வாசலில் ஒரு ‘ஐயோ’ கேட்டது. மாப்பிள்ளை மட்டும் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். அடுத்து தொப்பி.

“இது யாரு தொப்பி?”

“என்னுது. போடறதுக்கு இல்ல அத்தை, சேத்து வைக்கறதுக்கு.”

“எதுக்கு?”

அந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்தச் சேகரிப்பாளரிடமும் பதில் கிடையாது. கோட்டு வந்தது. ஆம்பளைக் கோட்டு. துப்பாக்கி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா சற்று நகர்ந்து உட்கார்ந்தார். மீசைக்காரர் படம் வந்தது.

“இவரு யாரு?”

“கதை எழுதுறவரு. மெட்ராஸ்ல இருக்காரு.”

“மெட்ராஸ்ல இருக்கறவரு ஒனக்கு எதுக்குலா ‘அன்புடன்’னு எழுதணும்?”

கடைசியாகப் பைப். “துரை ஊருக்குப் போனப்ப வித்தது அத்தை, வருஷமாச்சு” என்றேன். அதை அவர் உடனே கீழே வைக்கவில்லை. முகர்ந்தார். உள்ளங்கையில் தட்டினார். சாம்பலும் பாதி எரிந்த புகையிலையும் விழுந்தன. விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“துரை போயி வருஷமாச்சுன்னு சொல்றீங்க. இந்த ஊரு ஈரத்துல உப்பே ஒரு வாரத்துல தண்ணியாயிடுது. இந்தச் சாம்பல் இன்னும் பொலபொலன்னு இருக்கு. நேத்தோ முந்தாநாளோ குடிச்சது. ஆபீஸ்ல வேல செய்யற பொண்ணு. ஆம்பள தொப்பி, ஆம்பள கோட்டு, படம். இப்ப யாரு வந்து குடிச்சுட்டுப் போறா?”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கை தட்டத் தோன்றியது. இத்தனை வருஷம் நான் படித்த எந்தத் துப்பறிவாளரும் சாம்பலின் ஈரத்தை வைத்து நாள் சொன்னதில்லை. எழுதப் படிக்கத் தடுமாறும் அந்தம்மா அரை நிமிஷத்தில் சொன்னார். வழியெல்லாம் சரி, போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு. வாசலில் முணுமுணுப்பு எழுந்தது. பெரிய கிராணியின் மனைவி நன்றாகக் கேட்பதற்காகக் கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தார். என் வேலை அந்த வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது.

நான் பாயில் கிடந்த புகையிலையைப் பார்த்தேன். துரை டின்னில் வைத்திருந்தது கறுப்பு, இனிப்பு வாசம் அடிக்கும். இது மஞ்சள் நூல் நூலாக இருந்தது. ரொக்கோக் தாவுன் புகையிலை. அப்புறம்தான் மற்றதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. கொஞ்ச நாளாக அப்பா ஓயாமல் கிராம்பு மென்றது. வெந்நீர் அடுப்பைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று பின்கட்டில் போய் உட்கார்ந்து, எழுந்து வர மறந்தது. நாவலில் மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமை அடித்துக்கொள்ளும் எனக்கு, சொந்த வீட்டில் ஒரு வருஷமாக ஒன்றும் உறைக்கவில்லை. பூதக்கண்ணாடி வேறு வைத்திருந்தேன்.

அப்பாவைப் பார்த்தேன். அவர் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘நான்தான் குடித்தேன்’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பேர் தப்பித்துவிடும். சத்தியத்தை மீறியவர் என்று கோயில் தலைவர் பதவி போகும், அவ்வளவுதான். பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். தொண்டையைச் செருமினார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஆபீசுக்குப் போற புள்ள, நாம என்னா கண்டோம்?” என்றார்.

நாவல்களில் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துக் குற்றவாளியின் பக்கம் விரலை நீட்டுவார்கள். எனக்கு எல்லோரும் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்தேன். வாயைத் திறந்தேன்.

“அது என்னுது அண்ணி” என்றாள் அம்மா.

கேசரித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து பைப்பை வாங்கிக்கொண்டாள்.

“நான்தான் குடிப்பேன். கொழுந்துக் காட்டுல குளிரு எலும்பக் குத்துது, என்னா பண்றது? கோட்டும் தொப்பியும் மழைக்குப் போட்டுக்குவேன். கண்ணாடி அரிசியில கல்லு பொறுக்க. துப்பாக்கி தீவாளிக்கு வெடிக்கறது. அந்தப் படத்துல இருக்கறவரு நெசமாவே கத எழுதுறவரு, பொஸ்தகத்துப் பின்னால அதே மீச இருக்கு பாருங்க.”

அத்தை லேசில் விடுகிற ஆள் இல்லை. “எங்க, குடிங்க அண்ணி, பாப்போம்” என்றார்.

அம்மா பாயில் கிடந்த புகையிலையைப் பொறுக்கிப் பைப்பில் அடைத்து, அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்துவந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பைப்பை வாயில் வைத்தாள். நெருப்பை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓரத்தில் வைத்தாள், பற்றவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவின் கை, இப்படி இல்லை, நடுவில் வை என்பதுபோல் தானாக எழுந்து, பாதியில் மடியில் விழுந்தது. அதைப் பார்த்தது நான் மட்டும்தான். மூன்றாவது தடவை பற்றிக்கொண்டது. அம்மா இழுத்தாள். கண் சிவந்து, நீர் கொட்டி, இருமி இருமி, சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் இழுத்தாள். வாசலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அத்தைகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அழுதேன். எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

பைப் குடிக்கிற மாமியார் வேண்டாம் என்று ரிங்லெட்டிலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை அந்தக் கலவரம் முழுவதும் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்த நாவலைக் கையோடு கொண்டுபோய்விட்டார். அந்த ஒரு புத்தகம் இன்றுவரை என் வரிசையில் இல்லை. அவருக்கு நல்ல ரசனை என்பது வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆபீசில் மறுநாள் என்னைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எல்லாம் அம்மாவைப் பற்றித்தான்.

அவர்கள் படி இறங்கியதுமே அப்பா அம்மாவிடம் கத்தினார். “நாலு பேரு முன்னால பொம்பள பைப் குடிக்கிறியா? என் மானம் போச்சு!” நடிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. நெஞ்சாரச் சொன்னார். அரை மணி நேரத்துக்குள் அவரே அதை நம்பிவிட்டிருந்தார். அம்மா ஆறிப்போன கேசரியை எங்களுக்குப் பரிமாறினாள்.

திருவிழாக் கூட்டத்தில் யாரோ எழுந்து, தலைவர் சம்சாரம் முளைப்பாரி எடுப்பது விதிப்படி சரிதானா என்று கேட்டார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். சரி, இப்போதாவது, என்று நினைத்தேன். அப்பா மைக்கைப் பிடித்து, “சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். எங்க வீட்டுல இருந்தே ஆரம்பிக்கிறேன்” என்றார். என்ன கைதட்டல்! கட்டின பெண்டாட்டிக்கே விலக்கு கொடுக்காத நேர்மையான மனிதர் என்று ஊரே மெச்சியது. அந்த வருஷத் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. பைப் அதற்குப் பிறகு என் பெட்டியில் இல்லை. எங்கே போனது என்று நானும் தேடவில்லை, அவருடைய கிராம்பும் நிற்கவில்லை.

அம்மா அந்த வருஷமும் பயறு ஊறவைத்தாள். பழக்கம் விடவில்லை. முளைத்து வந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து, கவனமாக எடுத்துப் போ, ஆட்டினால் சாய்ந்துவிடும் என்று சொல்லி அனுப்பினாள். திருவிழா அன்று நானும் அவளும் ரோட்டோரம் கும்பலோடு நின்றோம். அவளுடைய முளைப்பாரி வேறொருத்தி தலையில் முதல் ஆளாகப் போனது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். குலவை போட வாயைக் குவித்தாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பின்னால் அப்பா கற்பூரத் தட்டோடு ஒவ்வொருவரிடமாக வந்தார். மார்பெல்லாம் சந்தனம். அம்மா தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் நெற்றியில் அப்பாவே திருநீறு பூசினார். அடுத்து என் முன்னால் தட்டு வந்தது. நான் கையை நீட்டவில்லை.

“எடுத்துக்கம்மா” என்றார், எல்லோருக்கும் கேட்கிற குரலில்.

“வேணாம்ப்பா. உங்க கையில புகையில வாட அடிக்குது” என்றேன், நானும் எல்லோருக்கும் கேட்கிற குரலில்.

மேளம் அடித்துக்கொண்டிருந்தது. என்றாலும் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஒரு நொடி தன் விரல்களைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி அடுத்த ஆளிடம் போய்விட்டார். அந்த ஆள் தீபத்தைத் தொட்டார், திருநீற்றுக்குக் குனிந்தவர் மூக்கைச் சுளித்தார்.

அம்மா என் கையைப் பிடித்து அழுத்திக் கிள்ளினாள். ரத்தம் கட்டிப்போனது. கிள்ளிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.